பாஸ்டன் ‘ஆபரேஷன் சீஸ்ஃபயர்’: இளைஞர் கொலைகள் இறங்கியதும் மறுபடி ஏறியதும்

1987இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கொலையுண்டவர்களில் 24 வயதும் அதற்குக் கீழும் இருந்தவர்கள் 22 பேர். 1990இல் 73 பேர். 1991 முதல் 1995 வரை ஆண்டுக்குச் சராசரியாக 44 பேர். 1996இல் 26, 1997இல் 15. இந்த எண் வரிசையைத்தான், காவல் துறையும் மற்றத் துறைகளும் சேர்ந்து 1996இல் தெருக் கும்பல்களை நேரில் அழைத்துச் சுடாதீர்கள் என்று எச்சரித்த ‘ஆபரேஷன் சீஸ்ஃபயர்’ திட்டத்தின் ‘பாஸ்டன் அதிசயம்’ என்று பல நாட்டுக் காவல் துறைப் பயிற்சிகளில் காட்டுகிறார்கள். பெரும்பாலும் அங்கேயே நிறுத்தியும் விடுகிறார்கள். எல்லா வயதினரையும் சேர்த்த கொலைக் கணக்கு 1999இல் 31ஆக இருந்து 2005இல் 75 ஆனதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை ஏன் இறங்கியது என்பதை அது மறுபடி ஏறிய விதத்திலிருந்துதான் நன்றாகப் புரிந்துகொள்ள முடிகிறது.

எங்கள் வாதம் சுருக்கமானது. சுட்டால் என்ன நடக்கும் என்று கும்பல்களிடம் முன்கூட்டியே சொன்னார்கள், சொன்னபடி செய்தார்கள், சுடுவதைத் தவிர வேறு எதற்கும் அந்த வாக்கை நீட்டவில்லை. பலன் தந்தவை இவை மூன்றும்தான். தண்டனை எவ்வளவு கடுமை என்பது அடுத்தபட்சம். வாக்கை நிறைவேற்ற ஆளில்லாமல் போனபோது பலனும் போய்விட்டது.

1995க்கு முந்தைய நிலை

1980களின் கடைசியில் கிராக் கொக்கைன் என்ற போதைப்பொருளின் வியாபாரம் நகரின் ராக்ஸ்பரி, டார்செஸ்டர், மேட்டபான் பகுதிகளுக்குள் வந்தபோது கைத்துப்பாக்கிகளும் கூடவே வந்தன. வியாபாரப் பாதுகாப்புக்கென்று வாங்கிய துப்பாக்கி சீக்கிரமே முறைப்புக்கும் பழிக்கும் பழைய கணக்கைத் தீர்ப்பதற்கும் பயன்பட்டது. வியாபாரம் தணிந்த தெருக்களிலும் பகை தணியவில்லை. ஒருவன் துப்பாக்கி வைத்திருந்தால் எதிர்த்தெருக்காரன் பயத்தாலேயே இன்னொன்று வாங்குவான். கொலைகள் பெரும்பாலும் போதைப்பொருள் வியாபாரப் போட்டியில் நடப்பதாகத்தான் வெளியே பேச்சு. பிறகு வந்த கணக்கெடுப்பு இதை மறுத்தது. பெரும்பாலான சாவுகளுக்குப் பின்னால் தெருக் கும்பல்களுக்கு இடையே ஆண்டுக்கணக்கில் ஓடிய பகை இருந்தது.

காவல் துறையின் பேச்சுக்கு அப்போது அந்தப் பகுதிகளில் மதிப்பில்லை. 1989 அக்டோபரில் ஒரு கர்ப்பிணிப் பெண் காரில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டது ஒரு கறுப்பின ஆள் என்று உடனிருந்த கணவர் சொன்னதை நம்பி, மிஷன் ஹில் பகுதியின் கறுப்பின இளைஞர்களைக் கண்ட இடத்தில் நிறுத்திச் சோதித்தார்கள். கொலைக்குக் காரணம் கணவரே என்பது 1990 ஜனவரியில் வெளியானது. அந்தக் காயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால்தான், பின்னர் மதபோதகர்கள் காவல் துறையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்பது விளங்கும்.

அவர்களை உட்காரவைத்தது இன்னொரு சம்பவம். 1992 மே மாதம் மார்னிங் ஸ்டார் பாப்டிஸ்ட் தேவாலயத்தில், கும்பல் மோதலில் இறந்த இளைஞன் ஒருவனின் இறுதிச் சடங்கு நடந்துகொண்டிருக்கும்போதே, உள்ளே புகுந்தவர்கள் ஒருவனைக் கத்தியால் குத்தினார்கள். அதையடுத்து யூஜின் ரிவர்ஸ், ஜெஃப்ரி பிரவுன், ரே ஹாமண்ட் முதலான போதகர்கள் சேர்ந்து ‘டென்பாயின்ட் கோயலிஷன்’ அமைப்பைத் தொடங்கினார்கள். அதே ஆண்டில் ‘நைட் லைட்’ என்ற ஏற்பாடும் பிறந்தது. நன்னடத்தை அலுவலர் என்பவர், நீதிமன்ற நிபந்தனைகளோடு சிறைக்கு வெளியே இருப்பவர்களைக் கண்காணிப்பவர். அவரும் காவலரும் ஒரே காரில் ஏறி, மாலை 7 மணியிலிருந்து நள்ளிரவு வரை, நன்னடத்தைக் கண்காணிப்பில் இருக்கும் பையன்களின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அதுவரை நன்னடத்தை அலுவலர் பகலில் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பார், பையன் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவான். இரவில் வெளியே வரக்கூடாது என்ற நிபந்தனை காகிதத்தில் மட்டும் இருந்தது. நகராட்சி தன் பங்குக்குத் தெருப்பணியாளர்களை நியமித்திருந்தது. கும்பல் பையன்களோடு தெருவிலேயே பழகி, சண்டையை விலக்கிவிட்டு, பள்ளிக்கும் வேலைக்கும் வழிகாட்டுவது அவர்கள் வேலை.

ஆக, தேவையான உறுப்புகள் எல்லாம் 1995க்கு முன்பே இருந்தன. அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாமல் இருந்ததுதான் குறை.

155 பெயர்கள்

1995 தொடக்கத்தில் அமெரிக்க நீதித் துறையின் ஆய்வுப் பிரிவான தேசிய நீதி நிறுவனத்தின் நிதியில் ஹார்வர்டு கென்னடி கல்லூரியின் டேவிட் கென்னடி, ஆந்தனி பிராகா, ஆன் பீல் மூவரும் ‘பாஸ்டன் துப்பாக்கித் திட்டம்’ என்ற பெயரில் வேலையைத் தொடங்கினார்கள். முதலில் எடுத்துக்கொண்டது ஒரு பட்டியல். 1990 முதல் 1994 வரை துப்பாக்கியாலோ கத்தியாலோ கொல்லப்பட்ட 21 வயதும் அதற்குக் கீழும் ஆனவர்கள் 155 பேர். கொன்றவர்கள் என்று அடையாளம் தெரிந்தவர்கள் 125 பேர். இரண்டு பட்டியலையும் நீதிமன்றப் பதிவேடுகளோடு ஒப்பிட்டார்கள்.

வந்த விடை எல்லோரையும் நிமிர வைத்தது. கொல்லப்பட்டவர்களில் 75 விழுக்காட்டினர் ஏற்கெனவே ஏதோ ஒரு வழக்கில் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டவர்கள். கொன்றவர்களில் 77 விழுக்காட்டினர். கொலை நடந்த நாளில் கொன்றவர்களில் 26 விழுக்காட்டினரும் இறந்தவர்களில் 14 விழுக்காட்டினரும் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தார்கள். இன்று சுடப்பட்டவனும் நேற்றுச் சுட்டவனும் ஒரே வட்டத்தைச் சேர்ந்தவர்கள், அந்த வட்டத்தை அரசுக்கு ஏற்கெனவே பெயர் சொல்லித் தெரியும் என்று இதற்குப் பொருள்.

கும்பல் தொடர்பைப் பதிவேடு சொல்லாது. அதற்காக இரவுப் பணிக் காவலர்கள், நன்னடத்தை அலுவலர்கள், தெருப்பணியாளர்கள் ஆகியோரை ஓர் அறையில் உட்காரவைத்து, 155 பெயர்களையும் ஒவ்வொன்றாகப் படித்து, ‘இது எதனால் நடந்தது?’ என்று கேட்டார்கள். பிறகு நகர வரைபடத்தை விரித்து எந்தத் தெரு எந்தக் கும்பலுடையது, யாருக்கும் யாருக்கும் பகை என்று கோடு போடச் சொன்னார்கள். 61 கும்பல்கள், சுமார் 1,300 பேர். நகரின் அந்த வயதினரில் இது 1 விழுக்காட்டுக்கும் குறைவு. இளைஞர் கொலைகளில் குறைந்தது 60 விழுக்காடு இவர்களைச் சுற்றி நடந்தது.

இந்த வேலையைச் செய்ய நினைக்கும் எந்த நகரமும் இந்தப் படியைத் தாண்டக்கூடாது. மென்பொருளால் இதற்கு மாற்று கிடையாது. கணினியில் ‘தகராறு’ என்று பதிவாகியிருக்கும் கொலை உண்மையில் மூன்று மாதத்துக்கு முந்தைய இன்னொரு கொலைக்குப் பதிலடி என்பது அந்தத் தெருவில் நிற்பவருக்குத்தான் தெரியும். ஒரு கூட்டத்துக்கு 30 பெயருக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் ஆட்கள் களைத்து, ‘ஆமாம், கும்பல்தான்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல ஆரம்பிப்பார்கள். இருவர் ஒரே காரணத்தைச் சொன்னால் ஏற்கலாம். ஒருவர் மட்டும் சொன்னால் கேள்விக்குறி போட்டுத் தனியாக வைக்க வேண்டும். கும்பல்காரன் செய்த கொலை எல்லாம் கும்பல் கொலை ஆகாது. அவன் வீட்டுச் சண்டையில் ஒருவரைக் கொன்றிருந்தால் அது வேறு கணக்கு. இந்த வேறுபாட்டை இங்கே கோட்டைவிட்டால் பின்னால் ஒரு கும்பல் முழுவதையும் நியாயமில்லாமல் நெருக்க நேரும்.

துப்பாக்கிகள் எங்கிருந்து வந்தன என்பதையும் தடம் பிடித்தார்கள். மூலம் கண்டறிய முடிந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கு மாசசூசெட்ஸ் மாநிலத்துக்குள்ளேயே முதலில் விற்கப்பட்டவை. எல்லாம் தென் மாநிலங்களிலிருந்து கடத்தி வந்தவை என்ற நம்பிக்கை இதில் உடைந்தது. கடத்தல் வழக்குகள் பின்னர் தொடரப்பட்டன. ஆனால் சாவுகள் சட்டென்று குறைந்ததற்கு இந்தப் பக்கத்து வேலை காரணமாக இருக்க முடியாது. தெருவில் ஏற்கெனவே இருந்த துப்பாக்கிகள் அப்படியே இருந்தன.

யார் யார், எந்த அதிகாரத்தோடு

திட்டத்தை வகுத்து நடத்திய பணிக்குழுவில் காவல் துறையின் இளைஞர் வன்முறைப் பிரிவு, நன்னடத்தைத் துறை, அரசுத் தரப்பில் வழக்குத் தொடரும் மாவட்ட வழக்கறிஞர் அலுவலகம், ஃபெடரல் (மத்திய அரசு) வழக்கறிஞர் அலுவலகம், துப்பாக்கிகளுக்கான ஃபெடரல் துறை, சிறார் காவலை நடத்தும் மாநில இளைஞர் சேவைத் துறை, நகராட்சித் தெருப்பணியாளர்கள் என்று எல்லோரும் இருந்தார்கள். போதகர்கள் சற்றுத் தள்ளி நின்று சேர்ந்தார்கள். வந்தவர்கள் கள ஆட்கள், ஆனால் மேலதிகாரியைக் கேட்காமல் அங்கேயே ‘சரி, நாளை இரவு எங்கள் ஆட்கள் வருவார்கள்’ என்று சொல்லக்கூடியவர்கள். இதுதான் முக்கியம். தலைவர்களை மட்டும் அழைத்தால் கூட்டம் புகைப்படத்தோடு முடியும். அதிகாரமில்லாத இளநிலை அலுவலரை அனுப்பினால் ஒவ்வொரு முடிவும் இரண்டு வாரம் தள்ளிப்போகும், அதற்குள் பதிலடி நடந்து முடிந்திருக்கும்.

1996 மே 15

திட்டத்தின் விதை ஒரு பழைய அனுபவத்தில் இருந்தது. டார்செஸ்டரின் வெண்டோவர் தெருக் கும்பல் 1994, 1995 வாக்கில் ஓயாமல் சுட்டுக்கொண்டிருந்தபோது, இளைஞர் வன்முறைப் பிரிவு மற்ற துறைகளையும் கூட்டிக்கொண்டு அந்தத் தெருவில் இறங்கியது. பிடியாணை நிலுவையில் இருந்தவன் கைதானான். நன்னடத்தை நிபந்தனையை மீறியவன் நீதிபதி முன்னால் போனான். பதிவில்லாத வண்டி தெருவிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டது. அத்தனையும் சட்டப்படி எந்நாளும் செய்யக்கூடியவை, ஆனால் யாரும் செய்யாதவை. கூடவே ஒன்று சொன்னார்கள்: சுடுவதால்தான் வந்திருக்கிறோம், நிறுத்தினால் போய்விடுவோம். சுடுவது நின்றது. அவர்களும் கிளம்பினார்கள். ஆய்வாளர்கள் இதைக் கேட்டறிந்து, ஒரு கும்பலுக்குச் செய்ததை 61 கும்பல்களும் பார்க்கும்படி செய்தால் என்ன என்று யோசித்தார்கள். ஒரே நேரத்தில் 61 கும்பல்கள் மீதும் பாய எந்தக் காவல் துறைக்கும் ஆள் கிடையாது. ஆனால் அடுத்து யார் சுடுகிறார்களோ அவர்கள் மீது பாய ஆள் உண்டு.

1996 வசந்தத்தில் டார்செஸ்டரின் ‘வாம்ப் ஹில் கிங்ஸ்’ கும்பலைச் சுற்றித் துப்பாக்கிச் சண்டை முற்றியது. முதலில் அவர்கள்மேல் எல்லாத் துறைகளும் சேர்ந்து இறங்கின. பிறகு மே 15 அன்று டார்செஸ்டர் நீதிமன்றத்தில் முதல் நேர்முகக் கூட்டம், அதாவது கும்பல் பையன்களை நேரில் அழைத்து எச்சரிக்கும் கூட்டம். நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தவர்கள் வந்தே தீர வேண்டும். மற்றவர்களைத் தெருப்பணியாளர்கள் பேசி அழைத்து வந்தார்கள். அன்று யாரையும் கைதுசெய்யவில்லை. யார் மீதும் தனிப்பட்ட குற்றச்சாட்டும் படிக்கவில்லை.

அப்படிப்பட்ட கூட்டத்தில் சொல்லும் செய்தியின் சாரம் இவ்வளவுதான்: ‘உங்களை இங்கே பிடித்துப்போட அழைக்கவில்லை. இதற்குப் பிறகு உங்கள் கும்பலில் யார் சுட்டாலும், சுட்டவனுக்கு வழக்கு. மற்ற எல்லோர்மேலும் எங்கள் எல்லோருடைய கவனமும். யார் சுட்டது என்பதைப் பொறுத்து யாரை நெருக்குவது என்று நாங்கள் முடிவுசெய்வதில்லை, நீங்களே முடிவுசெய்கிறீர்கள். விட்டு வெளியே வர நினைப்பவனுக்கு இதோ இவர்கள் உதவுவார்கள்.’ இதை வழக்கறிஞர் சொல்லும்போது ஒரு விதமாகவும், மகனைப் பறிகொடுத்த தாயோ போதகரோ சொல்லும்போது வேறு விதமாகவும் காதில் விழும். இரண்டும் வேண்டும்.

கையில் கொடுத்த துண்டுப் பிரசுரங்களில் ஒன்று ஒரே ஒரு தோட்டாவோடு பிடிபட்டவனைப் பற்றியது. நீண்ட முன்குற்றப் பதிவு இருந்ததால் அந்த ஒரு தோட்டாவுக்கு ஃபெடரல் நீதிமன்றம் 19 ஆண்டு 7 மாதம் கொடுத்தது. தெருப் பையன்களுக்கு மாநில நீதிமன்றம் பழக்கம், எத்தனை மாதத்தில் வெளியே வரலாம் என்பதும் அத்துப்படி. ஃபெடரல் சட்டம் தங்களைத் தொடும் என்பதே பலருக்குப் புதுச் செய்தி. சட்டம் புதிதல்ல, இருந்ததை அவர்களிடம் யாரும் எடுத்துச் சொல்லாமல் இருந்ததுதான் குறை.

ராக்ஸ்பரியின் ‘இன்டர்வேல் பாஸி’ இந்த எச்சரிக்கையை மதிக்கவில்லை. ஆகஸ்ட் 29 அன்று அவர்களில் 15 பேர் ஃபெடரல் வழக்குகளில் ஒரே நாளில் கைதானார்கள். மாநில வழக்குகளில் இன்னும் சிலர். அடுத்த வாரங்களில் தெருப்பணியாளர்களும் காவலர்களும் மற்றக் கும்பல்களிடம் போய், கைதுக்குக் காரணம் போதைப்பொருள் அல்ல, சொன்ன பிறகும் சுட்டதுதான் என்று விளக்கினார்கள். இந்த விளக்கம் இல்லாமல் போயிருந்தால் அது இன்னொரு போதைப்பொருள் கைதாகத்தான் பேசப்பட்டிருக்கும். எச்சரிக்கை, நிறைவேற்றம், விளக்கம் ஆகிய மூன்றில் பல நகரங்கள் மூன்றாவதைத்தான் விட்டுவிடுகின்றன.

கும்பலுக்குள் இருக்கும் பையனுக்கு இது எதிர்பாராத ஒரு உதவியையும் செய்தது. பதிலடி கொடுக்காதவன் கோழை என்பது தெருவின் சட்டம். ‘நீ சுட்டால் எங்கள் எல்லோருக்கும் தலைவலி’ என்று கூட்டாளிகளே தடுக்கும்போது, பின்வாங்குவதில் மானக்கேடு இல்லாமல் போகிறது.

எண்களை எவ்வளவு நம்பலாம்

பிராகாவும் உடன் ஆய்வாளர்களும் 2001இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி மாதாந்திர இளைஞர் கொலைகள் 63 விழுக்காடு குறைந்தன. துப்பாக்கிச் சத்தம் கேட்டதாக வந்த அழைப்புகள் 32 விழுக்காடு, துப்பாக்கித் தாக்குதல்கள் 25 விழுக்காடு. இந்த இறக்கம் 1996 கோடையோடு பொருந்துகிறது, மற்ற அமெரிக்க நகரங்களின் போக்கோடு ஒப்பிட்ட பிறகும் நிற்கிறது என்பது அவர்கள் முடிவு.

மறுப்பும் உண்டு. ரிச்சர்டு ரோசன்ஃபெல்டும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் பல நகரங்களை ஒப்பிட்டபோது, பாஸ்டனின் கொலை எண்ணிக்கையே சிறியது என்பதால் இறக்கம் திட்டத்தால்தான் வந்தது என்று புள்ளியியல்படி உறுதி சொல்ல முடியவில்லை என்றார்கள். அந்தக் காலத்தில் நாடு முழுவதும் வன்முறை இறங்கிக்கொண்டிருந்தது. குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனை இது அல்ல. ஒரு நகரத்தைப் பாதியாக வெட்டி ஒரு பாதிக்கு மட்டும் எச்சரிக்கை சொல்ல முடியாதுதான். 2018இல் இந்த வகைத் திட்டங்களின் 24 மதிப்பீடுகளைத் தொகுத்த பிராகா குழுவினர் வன்முறை குறைவதை உறுதிசெய்தார்கள். அந்த 24இலும் குலுக்கல் சோதனை ஒன்றுகூட இல்லை.

எங்கள் பார்வையில் 63 என்ற எண்ணைத் தூக்கிப் பிடிப்பது தவறு. அவ்வளவு பெரிய பலனை எதிர்பார்த்துத் தொடங்கும் நகராட்சி ஆறாவது மாதத்தில் ஏமாந்து கைவிட்டுவிடும்.

2000க்குப் பிறகு

2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் திட்டம் ஓசையில்லாமல் நின்றது. யாரும் அதை ரத்துசெய்யவில்லை. பொறுப்பில் இருந்த அதிகாரி வேறு பணிக்கு மாறினார். புதிதாக வந்தவர்கள் சிறையிலிருந்து திரும்புபவர்களின் மறுவாழ்வு, துப்புத் துலங்காத வழக்குகள், குடும்ப வன்முறை என்று அதே கூட்டுறவை வேறு பல வேலைகளுக்கு விரித்தார்கள். ஒவ்வொன்றும் நல்ல வேலைதான். ஆனால் எந்தக் கும்பல் நேற்றுச் சுட்டது, நாளை யார் அதன் முன்னால் போய் நிற்பது என்று கேட்கும் மேசை காலியாகிவிட்டது. போதகர்களுக்குள்ளும் யாருக்குப் புகழ் என்ற உரசல் வந்தது.

2005இல் கொலைகள் 75. 2007இல் புதிய காவல் ஆணையர் திட்டத்தை மறுபடி தொடங்கினார். இந்த இரண்டாம் சுற்றை மதிப்பிட்டவர்கள் முதல் சுற்றின் குறையைத் திருத்தி, நகரங்களை விட்டுவிட்டு, கும்பலுக்குக் கும்பல் ஒப்பிட்டார்கள். நேரடியாக எச்சரிக்கப்பட்ட கும்பல்கள் தொடர்பான துப்பாக்கிச் சூடுகள் ஒப்பீட்டுக் கும்பல்களைவிட 31 விழுக்காடு குறைந்தன என்று 2014இல் வெளியானது. முதல் சுற்றின் 63ஐவிட இந்த 31தான் நம்பத் தகுந்த எண்.

திட்டம் இப்படித் தேய்ந்துபோவது பாஸ்டனோடு நிற்கவில்லை. கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து 2012இல் இதே முறையை ஏற்றது. துப்பாக்கிக் கொலைகள் 31.5 விழுக்காடு குறைந்ததாக மதிப்பீடு வந்தது. 2020க்குப் பிறகு நகரம் மெல்ல முறையிலிருந்து விலகியதை 2024இல் வந்த தணிக்கை எடுத்துச் சொன்னது. லண்டனில் 2015இல் லாம்பெத், வெஸ்ட்மின்ஸ்டர், ஹாரிங்கே ஆகிய மூன்று பகுதிகளில் முயன்றபோது தொடக்கமே சரியாக அமையவில்லை. ஒருவன் செய்ததற்கு எல்லோருக்கும் தண்டனையா என்று பகுதி மக்கள் எதிர்த்தார்கள். அவர்களை முதலிலேயே மேசைக்கு அழைக்காததன் விலை அது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ வேறு வழியில் போனது. அங்கே ஆயுதம் கத்தி, கும்பல்களின் பகை தலைமுறைப் பழக்கம், ஃபெடரல் சிறை போன்ற பயமுறுத்தல் கையில் இல்லை. கேரின் மெக்ளஸ்கியும் ஜான் கார்னகனும் 2005இல் தொடங்கிய வன்முறைக் குறைப்புப் பிரிவு, 2008 முதல் நகரின் கிழக்குப் பகுதியில் இந்தத் திட்டத்தை நடத்தியது. கூட்டம் நீதிமன்றத்தில்தான், ஆனால் வருவது இளைஞர்களின் விருப்பம். காவலரை அடுத்து அவசர சிகிச்சை மருத்துவர் வந்து வெட்டுப்பட்ட முகங்களைத் தைப்பதைப் பற்றிப் பேசினார். மகனை இழந்த தாய் பேசினார். பங்கேற்றவர்களிடம் ஆயுதம் வைத்திருந்த குற்றங்கள் இரண்டாண்டில் 84 விழுக்காடு குறைந்தன, ஒப்பீட்டுக் குழுவில் 40 விழுக்காடு. ஒப்பீட்டுக் குழுவிலும் 40 குறைந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வயது ஏற ஏறப் பையன்கள் தாமாகவே இதை விடுகிறார்கள். ஒப்பீடு இல்லாமல் 84ஐ மட்டும் சொல்லும் அறிக்கையைக் கண்டால் எச்சரிக்கையாக இருங்கள்.

யாருக்கு இது பொருந்தாது

முதல் முறை சைக்கிள் திருடிய 14 வயதுப் பையனை இந்தக் கூட்டத்துக்கு அழைத்து வந்தால் அவனைக் கெடுத்ததாகிவிடும். சிறார் குற்றத்தில் பெரும் பகுதி இப்படிப்பட்டதுதான். அவனுக்கு வேண்டியது வேறு. பயமுறுத்தினால் திருந்துவான் என்ற எண்ணத்தில் சிறார்களைச் சிறைக்குள் கூட்டிப்போய்க் கைதிகளை விட்டு மிரட்டவைத்த ‘ஸ்கேர்டு ஸ்ட்ரெயிட்’ திட்டங்களை 9 குலுக்கல் சோதனைகள் வழியே தொகுத்துப் பார்த்த ஆந்தனி பெட்ரோசினோ குழுவினர், போகாதவர்களைவிடப் போனவர்கள்தான் பின்னால் அதிகமாகக் குற்றம் செய்தார்கள் என்று கண்டார்கள். அதே ஆய்வாளர்கள் 29 சோதனைகளைத் தொகுத்து, சிறு குற்றத்துக்குச் சிறாரை முறைப்படி நீதிமன்றத்தில் நிறுத்துவது பின்னாளைய குற்றத்தைக் குறைப்பதில்லை என்றும் காட்டினார்கள். பையன்களுக்கு நல்லது செய்யப் போயும் கெடலாம். 1939இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்–சாமர்வில் ஆய்வில் 506 சிறுவர்களில் பாதிப் பேருக்கு ஆலோசகர், மருத்துவ உதவி, கோடை முகாம் எல்லாம் கிடைத்தன. முப்பது ஆண்டுக்கு மேல் கழித்துத் தேடிப் பிடித்த ஜோன் மெக்கார்டு, உதவி பெற்றவர்களின் நிலை பல அளவுகோல்களில் மோசமாக இருந்ததைக் கண்டார். முகாமுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டவர்களிடம் இது கூடுதல். வம்புப் பையன்களை ஒரே இடத்தில் சேர்த்தால் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுப்பார்கள். நேர்முகக் கூட்டத்தை ஒரு மணி நேரத்துக்குள் முடிப்பதற்கும், பகைக் கும்பல்களைத் தனி வாசல் வழியாக அனுப்புவதற்கும் இதுவே காரணம்.

நடத்தப்போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

வாராந்திர ஆய்வுக் கூட்டம்தான் திட்டத்தின் இதயம், நேர்முகக் கூட்டம் அல்ல. கடந்த ஏழு நாளின் ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டுக்கும் நான்கு கேள்வி: யார், எந்தக் குழு, எந்தப் பகை, அடுத்து யார் பதிலடி கொடுப்பார்? நான்காவதற்கு விடை கிடைத்தால் அன்று மாலையே தெருப்பணியாளர் அந்த வீட்டில் இருக்க வேண்டும். ஆய்வை மாதத்துக்கு ஒரு முறையாகத் தளர்த்தினால் விடைகள் எல்லாம் பழையதாகிவிடும்.

கூட்டத்துக்கு 20 பேருக்குமேல் வேண்டாம். ஒரு குழுவிலிருந்து இருவர் போதும், செய்தியை அவர்கள் கொண்டுபோவார்கள். தலைவனைத்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை, பலரிடமும் பேச்சு வார்த்தை உள்ளவனை அழையுங்கள். அறையில் சீருடைக் காவலர்களைச் சுவரோரம் வரிசையாக நிறுத்தினால் வந்தவர்கள் காதை மூடிக்கொள்வார்கள்.

செய்ய முடியாததைச் சொல்லக்கூடாது. ‘யார் சுட்டாலும் ஃபெடரல் வழக்கு’ என்று வழக்கறிஞர் மிகைப்படுத்திச் சொல்லி, முதல் சூட்டில் அந்த வழக்குக்கு ஆதாரம் இல்லாமல் போனால், அன்றே தெரு அதைக் கண்டுபிடித்துவிடும். கையிலிருக்கும் நிபந்தனைகளையும் நிலுவைப் பிடியாணைகளையும் கூட்டத்துக்கு முன்பே எண்ணி, முதலில் சுடும் ஒரு குழுவின்மீது 72 மணி நேரத்தில் என்ன செய்ய முடியுமோ அதை மட்டும் சொல்லுங்கள். இரண்டாவது குழுவும் அதே வாரம் சுட்டால் என்ன செய்வது என்பதையும் யோசித்து வையுங்கள்.

போதைப்பொருளையும் நிறுத்துங்கள், பள்ளிக்கும் போங்கள், சுவரில் எழுதாதீர்கள் என்று பட்டியல் நீண்டால் வாக்கு செத்துவிடும். மேயர் அலுவலகத்திலிருந்தும் உள்ளூர் வணிகர்களிடமிருந்தும் இந்த அழுத்தம் நிச்சயம் வரும். அந்தக் குற்றங்களுக்கு வழக்கமான சட்டம் இருக்கவே இருக்கிறது.

உதவிப் பக்கம்தான் எல்லா இடத்திலும் நோஞ்சானாக இருக்கிறது. கொடுத்த தொலைபேசி எண்ணை இரவு 11 மணிக்கு யார் எடுக்கிறார் என்று பாருங்கள். வேலை என்று சொல்லிவிட்டுப் படிவம் நிரப்பச் சொன்னால் இரண்டாம் முறை வரமாட்டான். உயிருக்கு ஆபத்துள்ளவனுக்கு முதலில் வேண்டியது தங்க வேறு இடமும், நீதிமன்றத்தில் நிலுவையைத் தீர்க்க ஒரு வழக்கறிஞரும்தான். வேலை அதற்கு அடுத்தது. தெருப்பணியாளரைக் காவல் துறையின் தகவலாளியாக ஒரு முறை பயன்படுத்தினாலும் அவரைத் தெருவில் இழந்துவிடுவீர்கள். அவர் ஆபத்து எங்கே என்று சொல்லலாம், யார் செய்தது என்று சொல்லக் கட்டாயப்படுத்தக்கூடாது.

18 வயதுக்கு உட்பட்டவர் அழைக்கப்பட்டால் பெற்றோருக்குத் தகவல் போக வேண்டும், புகைப்படம் கூடாது, சிறார் வழக்கு விவரம் மற்றவர் முன்னால் வாசிக்கப்படக் கூடாது. பெயர்ப் பட்டியலுக்குக் காலாவதி வைப்பது கட்டாயம். ஆறு மாதம் எந்தச் சம்பவத்திலும் வராதவர் பெயரை நீக்கி, நீக்கியதைக் கையெழுத்தோடு பதியுங்கள். நீக்கப்படாத பட்டியல் சில ஆண்டில் வேலை மறுப்புக்கும் சந்தேகக் கைதுக்கும் ஆதாரமாகிவிடும். அதன் பிறகு அந்தத் தெருவில் யாரும் கூட்டத்துக்கு வரமாட்டார்கள்.

கைது எண்ணிக்கையை வைத்து வெற்றியை அளக்க வேண்டாம். குழுவாரியாக, எச்சரிக்கைக்கு முன் 24 மாதமும் பின் 24 மாதமும், சுட்டதாகவும் சுடப்பட்டதாகவும் எத்தனை சம்பவம் என்று எண்ணுங்கள். பகைக் குழுக்களையும் அதே அட்டவணையில் சேர்க்க வேண்டும், ஏனென்றால் ஒரு குழு அடங்கும்போது அதன் எதிரிக்குச் சுட ஆளில்லாமல் போவதும் உண்டு, துணிச்சல் வந்துவிடுவதும் உண்டு. அந்த அட்டவணையையும் குழு வரைபடத்தையும் கூட்ட நடைமுறையையும் எழுத்தில் வைத்து, பொறுப்பதிகாரி மாறும்போது வருபவரைக் குறைந்தது மூன்று வாராந்திரக் கூட்டங்களில் பழையவரோடு உட்காரவைக்க நகர நிர்வாகம் எழுத்துமூலம் உத்தரவிட்டிருக்க வேண்டும்.